வந்தாறுமூலையில் ஒரு நனோ சூரியக் கலம்: செய்வதும் அளப்பதும்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்திலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்திலோ பௌதிகவியல், இரசாயனவியல் இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நனோ இலத்திரனியல் என்றதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் நம்மட ஊரில் செய்ய ஏலுமா?" தூசில்லா அறையும் கோடிக்கணக்கில் விலைபோகும் கருவிகளும் இருந்தால்தான் நனோ என்ற எண்ணம் ஆழமாக ஊறிவிட்டது. சாயமேற்றிய சூரியக் கலம் அந்த எண்ணத்தை உடைக்கும். உள்ளே இருப்பது உண்மையான நனோ பொருள். செய்ய வேண்டிய கருவிகள் ஒரு சாதாரண ஆய்வுகூடத்தில் இருப்பவை. கலம் செய்வது ஒரு நாள் வேலை, அதை நேர்மையாக அளப்பதே ஆய்வு. ஆகவே இந்த வழிகாட்டியில் செய்முறையைவிட அளவீட்டுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கலத்தை 1991இல் பிரையன் ஓரீகனும் மைக்கேல் கிரேட்செலும் சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்து வெளியிட்டார்கள். வினைத்திறன் 7 வீதத்தைத் தாண்டியிருந்தது. நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1995இல், திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டைப் பயன்படுத்தித் திண்மநிலைக் கலம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். உலக ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் அது மேற்கோளாக வருகிறது.

ஏன் நனோ?

இந்தக் கலத்தில் உள்ள நனோ பொருள் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் அனற்றேஸ் என்ற பளிங்கு வடிவத்துக்குச் சக்தி இடைவெளி சுமார் 3.2 இலத்திரன்வோல்ற்று. 1240ஐ இதால் வகுத்தால் 388 நனோமீற்றர் வரும். அதாவது புறஊதாவை மட்டுமே அது உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் அதை ஊடறுத்துப் போய்விடும். அந்த ஒளியைப் பிடிக்கவே சாயம். சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, கிளர்ந்த இலத்திரனைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் கடத்தல் பட்டைக்குத் தள்ளும். இழந்த இலத்திரனை அயடைட்டு அயன் சாயத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்.

இங்கே ஒரு சிக்கல். தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் துணிக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாய அடுக்கு மட்டுமே இலத்திரனைக் கொடுக்கும். மேலே மேலே அப்பினால் பயனில்லை. தட்டையான பரப்பில் ஒரு மூலக்கூறு அடுக்கு பிடிக்கும் ஒளி மிகச் சொற்பம். ஆனால் 20 நனோமீற்றர் விட்டமுள்ள கோளங்களை 10 மைக்ரோமீற்றர் தடிப்பில், பாதி வெற்றிடமாக அடுக்கினால் என்ன ஆகும்? 6ஐ விட்டத்தால் வகுத்து, தடிப்பாலும் 0.5 ஆலும் பெருக்குங்கள். 1500 வரும். ஒரு சதுர சென்ரிமீற்றர் கண்ணாடியில் 1500 சதுர சென்ரிமீற்றர் உட்பரப்பு. துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களில் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஆயிரத்தைச் சுற்றி நிற்கும். நனோ என்பதன் பயன் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. உங்கள் அறிக்கையின் முன்னுரையில் இதைச் சொந்தமாகக் கணித்துப் போடுங்கள்.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

"இயற்கைச் சாயத்தில் சூரியக் கலம்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "நாவற்பழச் சாயத்தைப் பிரித்தெடுக்கும்போது அமிலத்தன்மையை மாற்றினால் குறுஞ்சுற்று மின்னோட்டம் மாறுமா?" என்பது கேள்வி. ஒரே ஒரு காரணியை மாற்றுங்கள். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு அதுவே போதும். மூன்று பழம், மூன்று கரைப்பான், மூன்று வெப்பநிலை என்று தொடங்கியவர்களின் அறிக்கைகளில் கடைசியில் எந்தக் கூற்றையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: கண்ணாடி

வேண்டியது புளோரின் மாசூட்டிய வெள்ளீய ஒட்சைட்டு பூசிய கண்ணாடி. ஆய்வுகூடத்தில் எஃப்.ரி.ஓ. என்போம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐ.ரி.ஓ. வாங்க வேண்டாம். வளியில் 450 பாகை செல்சியசுக்குச் சூடாக்கும்போது அதன் தடை ஏறிவிடும், எஃப்.ரி.ஓ. தாங்கும். எஃப்.ரி.ஓ.வை வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும், வந்துசேர மாதங்கள் போகலாம். ஆகவே விண்ணப்பத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். பழைய கலங்களைக் குப்பையில் போடாதீர்கள். படலத்தைச் சுரண்டிக் கழுவினால் கண்ணாடியைத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் ஒரே ஒப்பீட்டுக்குள் புதிய கண்ணாடியையும் பழைய கண்ணாடியையும் கலக்கக் கூடாது.

கண்ணாடி வெட்டியால் 2 சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுங்கள். கண் கவசம் கட்டாயம். பின்னர் பாத்திரம் கழுவும் திரவம், காய்ச்சி வடித்த நீர், எதனோல் என்ற ஒழுங்கில் கழுவி உலர்த்துங்கள். மல்ரிமீற்றரைத் தடை அளவில் வைத்து எந்தப் பக்கம் கடத்துகிறது என்று பார்த்து, மறுபக்கத்தின் மூலையில் ஒரு கீறல் போட்டுவிடுங்கள்.

படி 3: பசையும் படலமும்

பி-25 என்ற பெயரில் விற்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூள் நல்ல தொடக்கம். துணிக்கை சுமார் 20 நனோமீற்றர், பெரும்பங்கு அனற்றேஸ், மிகுதி உரூத்தைல் என்ற இன்னொரு பளிங்கு வடிவம். 6 கிராம் தூளைப் பீங்கான் உரலில் இட்டு, பி.எச். 3 முதல் 4 வரையுள்ள ஐதான அசற்றிக் அமிலக் கரைசல் 9 மில்லிலீற்றரை ஒவ்வொரு மில்லிலீற்றராகச் சேர்த்து அரையுங்கள். முன்னது முற்றாகக் கலந்த பின்னரே அடுத்தது. ஒரே தடவையில் ஊற்றினால் கட்டிகள் விழும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் அவை கரையாது. கடைசியில் ஒரு துளி நிறமற்ற சலவைத் திரவம் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கிளறி, 15 நிமிடம் மூடி வையுங்கள். தூளைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இவ்வளவு நுண்ணிய தூள் நுரையீரலுக்குள் போனால் நல்லதல்ல.

கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் மூன்று ஓரங்களிலும் செலோரேப் ஒட்டுங்கள். அதன் தடிப்பு சுமார் 50 மைக்ரோமீற்றர். நடுவில் சிறிது பசை வைத்து, கண்ணாடிக் கோலால் ஒரே இழுவையில் வழித்துவிடுங்கள். தோசைக்கு மாவு தேய்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வரக் கூடாது. உலர்ந்து சுட்டபின் படலம் 10 மைக்ரோமீற்றர் அளவுக்குச் சுருங்கும். வெடிப்பு விழுந்தால் படலம் தடிப்பு அதிகம் என்று பொருள். பசையை இன்னும் சற்று ஐதாக்குங்கள்.

படி 4: சுடுதல்

ரேப்பை உரித்துவிட்டு, மஃபிள் உலையில் 450 பாகை செல்சியசில் 30 நிமிடம். துணிக்கைகள் கழுத்துக் கழுத்தாக ஒட்டிக்கொள்வது இங்கேதான். இலத்திரன் நடக்கும் பாதை அப்படித்தான் உருவாகிறது. இடையில் படலம் மண்ணிறமாகிப் பிறகு வெளுக்கும். சேதனப் பொருள் எரிந்து போவதன் அடையாளம் அது. குளிரும்வரை உலைக் கதவைத் திறக்காதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி வெடிக்கும்.

நடுவில் மின்வெட்டு வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் தனியாகக் குறித்து வையுங்கள். திரும்பச் சூடாக்கிப் பாவிக்கலாம், பயிற்சிக்கு உதவும். ஒப்பீட்டுக்குரிய கலங்களோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

படி 5: சாயம்

சாய மூலக்கூறு தைத்தேனியத்தில் ஒட்ட அதற்கு ஒரு பிடி வேண்டும். நாவற்பழத் தோல், செவ்வரத்தைப் பூ, மங்குஸ்தான் தோல் ஆகியவற்றில் உள்ள அந்தோசயனினுக்கு ஐதரொட்சில் கூட்டங்களும், பீட்ரூட்டிலும் நாகதாளிப் பழத்திலும் உள்ள பெற்றலைனுக்குக் காபொட்சில் கூட்டமும் அந்தப் பிடியைத் தருகின்றன. நாவலும் நாகதாளியும் நம் கரையோரத்தில் காசில்லாமல் கிடைப்பவை.

நசுக்கி, எதனோலில் சிறிது சித்திரிக் அமிலம் சேர்த்து ஊறவைத்து, வடிதாளில் வடித்து, இருட்டில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்தோசயனின் ஒளியிலும் வெப்பத்திலும் சிதையும். காலையில் எடுத்த சாறும் மறுவாரம் எடுத்த சாறும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு தடவையும் நிறமாலைமானியில் உறிஞ்சலை அளந்து எழுதுங்கள். 520 முதல் 540 நனோமீற்றர் வரையில் அந்தோசயனினின் உச்சி வரும். அளப்பதற்கு எடுக்கும் பகுதியை உறிஞ்சல் 1க்குக் கீழ் வரும்படி ஐதாக்குங்கள்.

கண்ணாடி இளஞ்சூட்டில் இருக்கும்போதே சாயத்தில் இறக்குங்கள். குளிர்ந்துவிட்டால் படலத்தின் துளைகளுக்குள் காற்றின் ஈரம் புகுந்து சாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மாரி காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, இது நம் பக்கத்தில் பெரிய தொல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேலை சுலபம். ஊறவிடும் நேரம் எல்லாக் கலங்களுக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். எடுத்தபின் நீரிலும் அதன் பின் எதனோலிலும் அலசி உலர்த்துங்கள். வெள்ளைத் திட்டுக்கள் தெரிந்தால் திரும்ப ஊறவையுங்கள்.

படி 6: மறுபக்க மின்வாயும் மின்பகுபொருளும்

இன்னொரு எஃப்.ரி.ஓ. கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள், அல்லது மெழுகுதிரிச் சுவாலையின் மேல் பிடித்துக் கரி படியவிடுங்கள். பிளாற்றினம் இதைவிட நன்றாக வேலை செய்யும், விலைதான் இடிக்கும். போகலையிலும் கஹட்டகஹவிலும் வெட்டியெடுக்கும் நம் நாட்டுக் காரீயம் (கிரபைற்று) தூய்மைக்குப் பேர்போனது. அதை நுணுக்கிப் பூசிப் பார்ப்பதே தனியொரு செயற்றிட்டமாகும்.

மின்பகுபொருளுக்கு 10 மில்லிலீற்றர் எதிலீன் கிளைக்கோலில் பொற்றாசியம் அயடைட்டு 0.83 கிராம், அயடீன் 0.127 கிராம். இது 0.5 மோலர், 0.05 மோலர் செறிவைத் தரும். பெரிய ஆய்வுகூடங்களில் அசற்றோநைத்திரைல் பாவிப்பார்கள். அதன் கொதிநிலை 82 பாகை, எதிலீன் கிளைக்கோலுக்கோ 197 பாகை. சரியாக அடைக்கப்படாத கலத்தை மட்டக்களப்பு வெயிலில் வைத்து அளக்கப் போகும் உங்களுக்கு இரண்டாவதே ஏற்றது.

இரு கண்ணாடிகளையும் முகத்துக்கு முகம், சற்றே விலக்கி வைத்து, பைண்டர் கிளிப்பால் பிடித்து, ஓரத்தில் ஒரு துளி விடுங்கள். தந்துகிக் கவர்ச்சியால் அது உள்ளே ஓடும். வெளியே வழிந்ததை உடனே துடையுங்கள், இல்லாவிட்டால் முதலை மூக்குக் கவ்விகள் அரித்துப் போகும்.

படி 7: ஒளியை அளத்தல்

கலத்தை அளப்பதற்கு முன் ஒளியை அளக்க வேண்டும். வினைத்திறன் என்பது வெளிவந்த வலுவை உட்சென்ற வலுவால் வகுப்பது. உட்சென்ற வலு தெரியாத அறிக்கைக்குப் பெறுமதி இல்லை. உலக நியமம் சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்று.

சூரிய ஒளிபோலியாக்கி இல்லையென்றால் ஒரு சிறிய சிலிக்கன் கலத்தை, அளவுதிருத்திய ஒளிக்கதிர்மானி ஒன்றின் பக்கத்தில் ஒரே வெயிலில் வைத்து அளவு திருத்திக்கொள்ளுங்கள். சிலிக்கன் கலத்தின் குறுஞ்சுற்று மின்னோட்டம் ஒளிச்செறிவுக்கு நேர்விகிதசமம். மானி உங்கள் துறையில் இல்லாவிட்டால் விவசாய பீடத்தில் கேட்டுப் பாருங்கள். பயிர் ஆய்வுகளுக்கு அதே கருவி தேவைப்படும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. சிலிக்கன் செந்நிறக்கீழ் ஒளியையும் பிடிக்கும், உங்கள் சாயம் பிடிக்காது. அலசன் விளக்கில் செந்நிறக்கீழ் ஒளி மிகுதி. அதனால் சிலிக்கன் "ஒரு சூரியன்" என்று காட்டும்போது உங்கள் சாயத்துக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. கலம் உண்மையைவிட மோசமாகத் தெரியும். வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் இது தலைகீழ். சிலிக்கனுக்கு அதே மின்னோட்டத்தைக் கொடுக்க மிக அதிகமான கட்புல ஒளி வேண்டும். உங்கள் கலம் இல்லாத திறமையைக் காட்டும். எல்.ஈ.டி.யின் கீழ் எடுத்த வினைத்திறனை வெயிலில் எடுத்ததோடு ஒப்பிடும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே நான் சொல்வது வெயிலையே பாவியுங்கள் என்பதுதான். காலை பத்தரைக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும் இடையில், முகில் இல்லாத நேரம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நடுப்பகலில் சூரியன் நம் உச்சிக்கு மேலேயே நிற்கும், மேசையில் கிடையாக வைத்தாலே செங்குத்தாக ஒளி விழும். மற்ற மாதங்களில் பலகையைச் சாய்த்து, அதில் நிறுத்திய ஆணியின் நிழல் மறையும்வரை திருப்புங்கள். ஒவ்வொரு வாசிப்பின்போதும் சிலிக்கன் கலத்தின் வாசிப்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 8: மின்னோட்ட-வோல்ற்றளவு வளைகோடு

கலத்தோடு 10 கிலோஓம் மாறுந்தடையையும், அதனோடு தொடராக 10 ஓம் தடையொன்றையும் இணையுங்கள். அந்த 10 ஓமுக்குக் குறுக்கே உள்ள வோல்ற்றளவை 10 ஆல் வகுத்தால் மின்னோட்டம். மல்ரிமீற்றரின் மைக்ரோஅம்பியர் அளவில் நேரே அளப்பதை நான் விரும்புவதில்லை. அந்த அளவில் மானியின் உட்தடை நூறு ஓமையும் தாண்டலாம், அப்போது நீங்கள் குறுஞ்சுற்று என்று நினைப்பது குறுஞ்சுற்றாக இராது.

கலத்தின் மேல் கறுப்பு மட்டையில் அளந்து வெட்டிய துளையை வையுங்கள். படலத்தின் பரப்பைவிடத் துளை சிறிதாக இருக்க வேண்டும். மட்டை இல்லாவிட்டால் ஓரக் கண்ணாடியூடாக வரும் ஒளியும் சேர்ந்து மின்னோட்டத்தை வீங்க வைக்கும்.

திறந்த சுற்றிலிருந்து குறுஞ்சுற்று வரை இருபது புள்ளிகளாவது எடுங்கள். ஒவ்வொன்றிலும் சில செக்கன்கள் பொறுங்கள். பிறகு திரும்பி வாருங்கள். போன பாதையும் வந்த பாதையும் ஒத்துப்போகாவிட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அல்லது கலம் சூடாகியிருக்கிறது. இடையில் நிழலில் வைத்து ஆறவிடுங்கள்.

கணக்கு ஒன்று, எடுத்துக்காட்டுக்கு மட்டும். திறந்த சுற்று வோல்ற்றளவு 0.45, குறுஞ்சுற்று மின்னோட்ட அடர்த்தி சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 மில்லிஅம்பியர், நிரப்பற் காரணி (கலம் தரும் உச்ச வலுவை முன்னைய இரண்டின் பெருக்கத்தால் வகுத்தது) 0.5 என்றால், பெருக்கம் 0.27 மில்லிவாற்று. 100 ஆல் வகுத்தால் வினைத்திறன் 0.27 வீதம். இயற்கைச் சாயக் கலங்கள் பெரும்பாலும் 1 வீதத்துக்குக் கீழேதான் நிற்கும். குறைந்த எண் வந்ததென்று மனம் உடைய வேண்டாம். உங்கள் கேள்விக்கு விடை தருவது எண்ணின் உயரமல்ல, இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாடு நம்பத்தக்கதா என்பதே.

படி 9: ஒப்பீடு

அந்த நம்பிக்கையை எப்படிப் பெறுவது? ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து கலங்களாவது செய்யுங்கள். இடைப்பெறுமானத்தையும் நியம விலகலையும் போடுங்கள். "மிகச் சிறந்த கலம்" என்று ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது, நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

அமிலம் சேர்த்த சாயக் கலங்கள் எல்லாவற்றையும் திங்களன்றும் சேர்க்காதவற்றைச் செவ்வாயன்றும் செய்தால், நீங்கள் ஒப்பிடுவது சாயத்தையா, திங்களையும் செவ்வாயையும்தானா என்று யாருக்கும் தெரியாது. ஒரே பசை, ஒரே உலைச் சூடு, ஒரே நாள், அதற்குள் சீட்டுக் குலுக்கி எந்தக் கண்ணாடி எந்தச் சாயத்துக்கு என்று முடிவு செய்யுங்கள். அளக்கும் ஒழுங்கையும் அவ்வாறே குலுக்குங்கள். சாயமே ஏற்றாத வெறும் படலக் கலம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதுவும் கொஞ்சம் மின்னோட்டம் தரும், அந்தப் பங்கு சாயத்தினுடையது அல்ல.

முடியுமானால் கலத்துக்குப் பெயரிடாமல் இலக்கம் மட்டும் போட்டு, அளப்பதை உங்கள் நண்பரிடம் விடுங்கள். எந்தக் கலம் எது என்று அவருக்குத் தெரியாதபோது வாசிப்பு ஒரு பக்கம் சாயாது.

படலம் உண்மையில் நனோதானா?

இதற்கு எக்ஸ்-கதிர்க் கோணல் அளவீடு வேண்டும். உங்கள் வளாகத்தில் கருவி இல்லையென்றால் பேராதனைக்கோ, ஹோமாகமவில் உள்ள சிலின்ரெக் நிறுவனத்துக்கோ மாதிரியை அனுப்ப மேற்பார்வையாளர் மூலம் ஒழுங்கு செய்யுங்கள். அனற்றேசின் முதன்மை உச்சி 25.3 பாகையில் வரும், செப்பு எக்ஸ்-கதிருக்கு. அதன் அரை உயரத்தில் அகலம் 0.41 பாகை என்று வைத்துக்கொள்வோம், அது 0.00716 ஆரையன். செரர் சமன்பாட்டில் 0.9ஐ 0.15406 நனோமீற்றரால் பெருக்கி, அந்த அகலத்தாலும் 12.65 பாகையின் கோசைனாலும் வகுத்தால் 19.8 நனோமீற்றர். கருவியே சேர்க்கும் அகலத்தை முதலில் கழிக்க மறக்க வேண்டாம். பளிங்கின் பருமனைத்தான் இது தருகிறது. துணிக்கைகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அதை இலத்திரன் நுணுக்குக்காட்டி மட்டுமே காட்டும்.

இதே பொருளில் அடுத்த வேலை

புல்மோட்டையின் கனிய மணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் இருக்கின்றன. இரண்டும் தைத்தேனியத்தின் மூலங்கள். இல்மனைற்றிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டைப் பிரித்தெடுப்பதற்குச் செறிந்த அமிலங்கள் வேண்டும் என்பதால் இரசாயனவியல் துறையோடு சேர்ந்தே செய்யுங்கள்.

மின்னணு நினைவகத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு மெம்ரிஸ்ரர். லியோன் சுவா 1971இல் கோட்பாடாகச் சொன்னதை 2008இல் எச்.பி. ஆய்வுகூடத்தினர் இதே தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மெல்லிய படலத்தோடு இணைத்துக் காட்டினர். மின்சாரத்தை நிறுத்தியபின்னும் தன் தடையை நினைவில் வைத்திருப்பதால் வலுவை மிச்சப்படுத்தும் நினைவகங்களுக்கு இது ஒரு வழி. இதற்குப் படலம் பத்துக்கணக்கான நனோமீற்றரில் இருக்க வேண்டும், ரேப்பும் கண்ணாடிக் கோலும் உதவாது. தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டுக் கரைசலைச் சுழற்றிப் பூச வேண்டும். பழைய கணினி மின்விசிறியின் மோட்டாரில் சுழற்றி ஒன்று செய்துகொள்ளலாம். அந்தக் கரைசல் ஈரக் காற்றுப் பட்ட உடனேயே வெண்மையாகித் திரியும் என்பதால் உலர் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள், கச்சான் மாதங்களைத் தெரிவு செய்யுங்கள்.

கருவி எதுவும் கிடைக்காத பருவத்தில் கணினியில் வேலை தொடரலாம். குவாண்டம் எஸ்பிரெசோ என்பது பொருளில் உள்ள இலத்திரன்களின் சக்தியைக் கணிக்கும் இலவச மென்பொருள். அனற்றேஸ் பளிங்கின் சிறு அலகுக் கலத்தை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அணுக் கூட்டத்தை, ஒரு சாதாரண மடிகணினியே கணிக்கும். பி.பி.ஈ. என்ற வழக்கமான அண்ணளவாக்கத்தில் சக்தி இடைவெளி 3.2க்குப் பதிலாக 2ஐ ஒட்டி வரும். உங்கள் உள்ளீட்டில் பிழை தேடி நாட்களைச் செலவழிக்காதீர்கள், அந்த அண்ணளவாக்கத்தின் அறியப்பட்ட குறை அது. முதலில், கணிப்பின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் உள்ளீடுகளான வெட்டுச்சக்தியையும் கே-புள்ளிகளின் எண்ணிக்கையையும் மொத்தச் சக்தி அசையாமல் நிற்கும்வரை கூட்டிப் பாருங்கள். அதன்பின் ஒட்சிசன் அணு ஒன்றை அகற்றி, இடைவெளிக்குள் புதிய நிலை தோன்றுகிறதா என்று தேடலாம். மெம்ரிஸ்ரரில் தடையை மாற்றுவது அந்த ஒட்சிசன் வெற்றிடங்களின் நகர்வுதான்.